“நான் ஏறலை மாப்ள”: விடுதி மாணவர்களைச் சொல்லப் பழக்குவது எப்படி?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டமும் ஆண்கள் விடுதியும் என் பொறுப்பு. விடுதி ஒரு பழைய நகரத்தார் வீட்டை வாடகைக்கு எடுத்து நடக்கிறது. 64 பேர் இருக்கிறார்கள். வருடத்துக்கு மூன்று நான்கு விழிப்புணர்வுக் கூட்டம் போடுகிறோம். போலீஸ், டாக்டர் எல்லாரும் வந்து பேசியாகிவிட்டது. ஆனால் சாலைப் பாதுகாப்புப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய மூன்றாம் ஆண்டு மாணவரே, போன மாதம் திருவிழா பார்த்துவிட்டு, குடித்திருந்த நண்பனின் வண்டியில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து வந்து கால் முறிந்து கிடக்கிறார். கண்மாய்க் குளியல் பயம் வேறு. ‘நடத்தைத் திறன் பயிற்சி’ என்று ஒன்று இருப்பதாக உளவியல் படித்த சக ஆசிரியர் சொன்னார். எங்களுக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் கிடைக்கும், இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறோம், பெரிய பணம் கிடையாது. எப்படி நடத்துவது? அடிபட்ட மாணவரையே மேடையேற்றிப் பேசவைக்கலாமா?

பதில்: முதல் பரிசு வாங்கியவரே ஏறினார் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த வரியிலேயே இருக்கிறது. அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பதினைந்து நிமிடம் மைக்கைப் பிடித்து அதையே பேசியவர். ஆனால் இரவு பத்தரை மணிக்கு, வண்டி உறுமிக்கொண்டு நிற்க, “ஏறுடா, நேரமாச்சு” என்று நண்பன் சொன்னபோது அவருக்குக் கிடைத்தது மூன்று விநாடி. அந்த மூன்று விநாடிக்குள் வாயில் வர வேண்டிய ஒரு வாக்கியம் வரவில்லை. அதை அவர் ஒருமுறைகூட வாயால் சொல்லிப் பார்த்ததில்லை.

இது உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ரேமண்ட் மில்டன்பர்கர் என்ற நடத்தை ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் சின்னப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பு கற்பிக்கும்போது இதையே பார்த்தார்கள். ‘துப்பாக்கியைக் கண்டால் தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல்’ என்பதைப் பாடமாகக் கேட்ட பிள்ளைகள் கேள்வி கேட்டால் சரியாக ஒப்பித்தார்கள். சுடாதபடி செயலிழக்கச் செய்த துப்பாக்கியை அவர்கள் கண்ணில் படும்படி வைத்துப் பார்த்தபோது, ஒப்பித்தவர்களில் பலர் கையில் எடுத்தார்கள். செய்து பழகிய பிள்ளைகள் அதைவிட நன்றாக நடந்துகொண்டார்கள். அவர்களிலும் சிலருக்கு அந்த இடத்திலேயே இன்னொரு தடவை பழக்க வேண்டியிருந்தது. நடத்தைத் திறன் பயிற்சி என்பதன் சாரம் இதுதான். சொல்லிக்கொடுப்பது, செய்துகாட்டுவது, செய்யவைப்பது, உடனே திருத்துவது என்று நான்கு பாகம். சமையலோ சைக்கிளோ நாம் இப்படித்தான் கற்றுக்கொண்டோம். ‘வேண்டாம்’ என்று சொல்வதை மட்டும் ஏனோ சொற்பொழிவால் கற்பிக்கப் பார்க்கிறோம்.

முதல் வேலை, எதைப் பழக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்வது. பெரும்பாலான கல்லூரிகள் சறுக்குவது இங்கேதான். ‘பொறுப்போடு நடந்துகொள்ளுதல்’, ‘தீய பழக்கங்களைத் தவிர்த்தல்’ என்று தலைப்புப் போடுவார்கள். இவற்றைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, எண்ணவும் முடியாது. செய்தானா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரும் ஒரே பதில் சொல்ல முடிந்தால்தான் அது பயிற்சிக்கு ஏற்ற நடத்தை. உங்கள் விடுதிக்கு மூன்று போதும்: குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏறாதிருப்பது, குடித்து மயங்கிக் கிடப்பவனைக் காப்பது, தண்ணீரில் தத்தளிப்பவனுக்குக் கரையிலிருந்தே உதவுவது. மூன்றையும் ஒரே மாதத்தில் திணிக்க வேண்டாம். முதலாவதை முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

முதலாவதை ஆறு துண்டாக உடைக்கலாம். இரண்டு காலும் தரையில் இருக்க, வண்டியைத் தொடாமல் நிற்க வேண்டும். முதல் வாக்கியத்திலேயே “நான் ஏறலை” என்ற சொல் வர வேண்டும். காரணம் கேட்டால் விளக்கம் கொடுக்காமல் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும். மாற்று வழி ஒன்றை நீட்ட வேண்டும்: “சாவியைக் குடு, வண்டி இங்கயே நிக்கட்டும், ஆட்டோல போவோம்.” அதற்கும் மசியாவிட்டால் பத்து அடியாவது விலகி நடக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் விடுதி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

மூன்றாவது துண்டை எழுதும்போது பலர் நெற்றியைச் சுருக்குவார்கள். காரணம் சொன்னால் என்ன தப்பு? காரணம் என்பது எதிராளிக்குக் கொடுக்கும் கைப்பிடி. “வீட்ல திட்டுவாங்க” என்றால் “வீட்டுக்குத் தெரியவா போகுது?” என்று வரும். “பயமா இருக்கு” என்றால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். “நீ குடிச்சிருக்க” என்றால் “ஒரு கட்டிங்தான்டா, நான் ஸ்டெடியா இருக்கேன் பாரு” என்று ஒற்றைக்காலில் நின்று காட்டுவான். அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது, இவன் ஏறிவிடுவான். “நான் ஏறலை மாப்ள” என்பதற்கு மட்டும் பதில் கிடையாது. அதை மூன்றாம் முறையும் அதே தொனியில் சொன்னால் எதிராளியின் கையிருப்பு தீர்ந்துவிடும்.

பயிற்சிக்கு முன்னால் நீங்கள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். இரவு பத்தரைக்கு அந்த மாணவர் வண்டியில் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிறகு அவர் எப்படி விடுதிக்கு வருவார்? டவுன் பஸ் நின்றிருக்கும். கேட் ஒன்பதுக்குப் பூட்டியிருக்கும். வார்டனைக் கூப்பிட்டால் மறுநாள் அப்பாவுக்கு போன் போகும். இந்த மூன்றும் சேர்ந்துதான் அவரை வண்டியில் ஏற்றிவிடுகின்றன. எனவே முதல்வரிடம் எழுத்தில் ஓர் உத்தரவு வாங்குங்கள்: குடித்தவன் வண்டியில் ஏற மறுத்து அழைப்பவருக்கும், மயங்கிய நண்பனுக்காக அழைப்பவருக்கும், எத்தனை மணியானாலும் கேட் திறக்கும், விசாரணை இருக்காது, வீட்டுக்குத் தகவல் போகாது. தெரிந்த ஆட்டோக்காரர் இருவரின் எண்ணும், வாட்ச்மேன் கையில் இரண்டாயிரம் ரூபாயும் இருக்கட்டும். தேவகோட்டை, திருப்பத்தூர் தூரத்துக்கு இரவில் ஆட்டோ கேட்கும் காசு மாணவரிடம் இருக்காது. விடுதி முதலில் கொடுத்துவிட்டு மாதக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ‘இது அவர்களுக்குச் செல்லம் கொடுப்பது’ என்று யாராவது சொன்னால், கால் முறிவுக்குப் பிளேட் வைக்கும் செலவையும் அதன் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

இன்னொன்று, ஆரம்பிக்கும் முன் எண்ணிவிடுங்கள். இரண்டு வாரம் காலை எட்டே முக்காலிலிருந்து ஒன்பதேகால் வரை கல்லூரி கேட்டில் ஒருவர் நின்று, எத்தனை வண்டி, அதில் எத்தனை ட்ரிபிள்ஸ், ஓட்டுபவர் தலையிலும் பின்னால் இருப்பவர் தலையிலும் ஹெல்மெட் உண்டா என்று குறிக்கட்டும். தடுக்கவோ திட்டவோ வேண்டாம், குறித்தால் போதும். பயிற்சிக்குப் பிறகு மறுபடி எண்ணி ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இது. முடிவில் ‘நிகழ்ச்சி பயனுள்ளதாக இருந்தது’ என்று படிவம் நிரப்பி வாங்குவதற்கு ஒரு மதிப்பும் இல்லை. எல்லாரும் பயனுள்ளது என்றுதான் எழுதுவார்கள், அதுவும் டீ, பஜ்ஜி கொடுத்தால்.

இனி சனிக்கிழமைக் கணக்கு. ஒருவர் குறைந்தது மூன்று தடவை செய்து பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றரை நிமிடம், திருத்த ஒரு நிமிடம். ஆளுக்கு ஏழரை நிமிடம் ஆகிறது. ஆறு பேர் குழு என்றால் முக்கால் மணி நேரம். மீதி பதினைந்து நிமிடத்தில் சொல்வதையும் காட்டுவதையும் முடிக்க வேண்டும். நீங்கள் இரண்டு ஆசிரியர்கள், இரண்டு மூத்த மாணவர்களை முன்கூட்டியே பழக்கிவைத்தால் நான்கு பேர். நடுவாசலைச் சுற்றி வளவு (தூண் வைத்த உள்தாழ்வாரம்) ஓடும் வீடு உங்களிடம் இருக்கிறது. நான்கு மூலையில் நான்கு குழு, ஒன்றின் சத்தம் இன்னொன்றைக் கெடுக்காது. ஒரு சனிக்கிழமை 24 பேர். மூன்று சனிக்கிழமையில் 64 பேரும் முடிந்து, வராதவர்களுக்கும் இடம் மிஞ்சும். ‘ஒரே நாளில் 64 பேரையும் ஹாலில் உட்காரவைத்து முடித்துவிடலாமே’ என்ற ஆசை வரும். அப்போது நான்கு பேர் நடிப்பார்கள், அறுபது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பழகியவர்கள் நால்வர்தான்.

சொல்லிக்கொடுக்கும் பகுதி ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஆறு துண்டுகளையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தூணில் மாட்டுங்கள். கூடவே ஒரே ஒரு கணக்கைச் சொல்லலாம், மாணவர்கள் இதை ரசிப்பார்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சாராயச் சத்து 42.8 சதவீதம் என்றால் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். 65 கிலோ எடையுள்ள பையன் அதைச் சீக்கிரமாகக் குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் தோராயமாக 120 முதல் 140 மில்லிகிராம் வரை ஏறும். சட்டம் அனுமதிப்பது 30. மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம்தான் உடம்பு கழிக்கும். மோர், எலுமிச்சை, பச்சைத்தண்ணீர்க் குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. ஒன்பது மணிக்குக் குடித்தவன் அதிகாலை மூன்று மணிக்கும் வண்டியைத் தொடத் தகுதியில்லாமல் இருக்கலாம். ‘ஒரு கட்டிங்தான்’ என்பதும் அதே கணக்கில் பாதி, அதாவது 60, 70 மில்லிகிராம். சட்ட அளவைப் போல இரண்டு மடங்கு. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், சில சமயம் இரண்டும். இதற்கு மேல் தகவல் வேண்டாம். ரத்தப் படங்கள் கூடவே கூடாது. பார்க்கும்போது முகம் சுளிப்பார்கள், மறுநாள் ‘நமக்கு அப்படி ஆகாது’ என்று மனசு கதவைச் சாத்திக்கொள்ளும்.

செய்துகாட்டுவது யார்? நீங்கள் வேண்டாம், போலீஸ்காரரும் வேண்டாம். அவர்களைப் போலவே பேசுகிற, விடுதியில் கொஞ்சம் மதிப்பும் இருக்கிற மூன்றாம் ஆண்டுப் பையன். ரொம்ப நல்ல பையனாகவும் இருக்கக் கூடாது. ‘அவன் எப்பவுமே அப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள். சரியான முறையை இரண்டு தடவை காட்டுங்கள். தவறான முறையைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரு தடவை, அதுவும் நடுவில். தவறானதைக் காட்டும்போதுதான் சிரிப்பு வரும், சிரிப்பு வந்தது மனதில் தங்கும். கடைசியாகக் கண்ணில் படுவது சரியானதாக இருக்கட்டும்.

செய்து பார்க்கும்போது நிஜ வண்டி வேண்டும். நாற்காலியை வண்டியாகப் பாவித்தால் உடம்பு நம்பாது. முகப்பை ஒட்டி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியைக் கழற்றிவிட்டு, ஹெட்லைட் வெளிச்சத்துக்கு ஒரு டார்ச் பிடித்தால் போதும். முடிந்தால் இருட்டிய பிறகு. வற்புறுத்துபவர் உண்மையாகவே வற்புறுத்த வேண்டும், ஆனால் படிப்படியாக. முதல் படி சும்மா அழைப்பு. இரண்டாவது கேலி. மூன்றாவது நட்பைப் பணயம் வைப்பது. நான்காவதில் கையைப் பிடித்து இழுத்தலும் அவசரமும். முதல் தடவை ஒன்றாம் படி மட்டும், மூன்றாம் தடவை நான்கு வரை.

மூன்றாம் தடவை இப்படி நடக்கும்:

“ஏறுடா, நேரமாச்சு.”
“நான் ஏறலை மாப்ள.”
“ஏன்? பயமா? ஏய், இவனுக்குப் பயமாம்டா!”
“நான் ஏறலை.”
“இத்தன நாளா கூடத் திரிஞ்சோம், என் மேல நம்பிக்கை இல்லையா பங்காளி?”
“அப்படி இல்லடா... அதான், நேத்து...”

இங்கே நிறுத்துங்கள். “நம்பிக்கை இல்லையா” என்ற கேள்விதான் நம் ஊர்ப் பிள்ளைகளை வீழ்த்துகிற இடம். கேலியைத் தாங்குவார்கள், இதைத் தாங்க மாட்டார்கள். வண்டியில் ஏறுவது நட்புக்குச் சாட்சி என்று ஆகிவிடுகிறது. இதற்கென்று ஒரு வாக்கியத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும். “நம்பிக்கை இருக்குறதாலதான் சாவியைக் கேக்குறேன்” என்று ஒருவர் சொல்வார், “நீயும் ஓட்ட வேணாம், வா நடப்போம்” என்று இன்னொருவர் சொல்வார். யாருடைய வாயில் எது இயல்பாக வருகிறதோ அதுவே சரி. நீங்கள் எழுதிக் கொடுக்கும் வாக்கியம் பாடப்புத்தகத் தமிழில் இருக்கும், பத்தரை மணிக்கு அது வராது. மூத்த மாணவரிடம் மறுப்பது தனி வித்தை. “அண்ணே, தப்பா நினைக்காதீங்க, நான் ஏறலை” என்று மரியாதையோடு சொல்லிப் பழக வேண்டும். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு வற்புறுத்துபவராகக் கட்டாயம் ஒரு சீனியரைப் போடுங்கள்.

திருத்துவதற்கும் முறை உண்டு. “சூப்பர்”, “நல்லா பண்ணின” என்பதெல்லாம் திருத்தம் ஆகாது. எது சரியாக இருந்தது என்று ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள், பிறகு மாற்ற வேண்டியதை ஒன்றே ஒன்று, உடனே மறுபடி செய்யவையுங்கள். “முதல் வாக்கியத்துலயே ஏறலைன்னு சொல்லிட்ட, நல்லது. ஆனா பேசும்போது கை சீட் மேல இருந்துச்சு. கையை பாக்கெட்ல போட்டுக்கிட்டு இன்னொரு தடவை.” ஐந்து குறை தெரிந்தாலும் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். சீட்டில் வைத்த கை சின்ன விஷயமாகத் தோன்றும். வாய் மறுக்கும்போது கை வண்டியைப் பிடித்திருந்தால் அடுத்த நிமிடம் கால் ஏறிவிடும். வற்புறுத்துபவனும் அதைப் படித்துவிடுவான்.

ஆறு கட்டம் போட்ட சீட்டு ஒன்று ஆளுக்கு. சரியாகச் செய்த துண்டுக்கு டிக். நான்காம் படி வற்புறுத்தலுக்கு எதிரில் ஆறும் டிக் ஆக, அடுத்தடுத்து இரண்டு தடவை செய்தால் தேர்ச்சி. ஐந்து டிக் தேர்ச்சி ஆகாது. பெரும்பாலும் விடுபடுவது ஆறாவது, அதாவது போன் செய்வது. மறுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். குடித்தவன் தனியாக வண்டியை எடுத்துப் போய்விடுவான் என்பது அப்போது நினைவுக்கு வராது. எனவே நிஜமாகவே போனை எடுத்து, விடுதி எண்ணைப் போட்டு, மறுமுனையில் வாட்ச்மேன் எடுத்துப் பேசும் வரை செய்யவையுங்கள். அந்த எண் எல்லார் போனிலும் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பாதிப் பேரிடம் இருக்காது.

இரண்டாவது திறன், மயங்கிக் கிடப்பவன். ‘தூங்கி எழுந்தா சரியாயிடுவான்’ என்று போர்த்திவிட்டு வந்துவிடுவதுதான் விடுதிகளில் உயிரை எடுப்பது. கடைசி மடக்குக்குப் பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். தோளைத் தட்டி உரக்கப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். எழவில்லை என்றால் ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். எட்டுக்குக் குறைவு, இரண்டு மூச்சுக்கு இடையே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம், வலிப்பு, மயக்கத்திலேயே வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. எதுவும் இல்லாமல் எழுப்ப முடியாமல் மட்டும் இருந்தாலும் 108தான். வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் முழங்காலை மடக்கி முன்னால் ஊன்றி, வாந்தி வெளியே வழியும்படி முகத்தைச் சற்றுத் தரைப்பக்கம் சாய்த்து வைத்து, ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது, விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. பாயை விரித்து இதை ஆளுக்கு இரண்டு தடவை செய்யவையுங்கள். கனமான பையனைத் தனியாளாகப் புரட்டுவது எவ்வளவு சிரமம் என்பது செய்யும்போதுதான் தெரியும். பக்கவாட்டில் மண்டியிட்டு, அவன் தூரத்து முழங்காலை மடக்கி, அதையே நெம்புகோலாக இழுத்தால் எளிது.

108-க்குப் பேசுவதையும் பழக்க வேண்டும், ஆனால் நிஜ எண்ணுக்குப் போடாதீர்கள். அடுத்த அறையில் ஒருவர் போனோடு உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். இங்கே உங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. செட்டிநாட்டுத் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் ஒன்றுபோலவே இருக்கும், வீடும் ஒரு தெருவில் முகப்பு தொடங்கி அடுத்த தெருவில் பின்கட்டு முடியும். “பெரிய வீடு, தூண் வச்ச வீடு” என்றால் ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்? எந்தத் தெருப் பக்கம் கேட் திறந்திருக்கிறது, எந்த ஊரணிக்கு எதிரில், எந்தக் கோயிலிலிருந்து எத்தனையாவது குறுக்குத் தெரு என்ற மூன்றையும் விடுதிச் சுவரில் எழுதி ஒட்டி, போனில் அப்படியே படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் டார்ச்சோடு தெருமுனைக்குப் போக வேண்டும்.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. குடிநீர் ஊரணிகளில் ஊர்க்கட்டுப்பாட்டுக்குப் பயந்து யாரும் இறங்க மாட்டார்கள். ஆபத்து கண்மாயிலும் தண்ணீர் நிற்கும் குவாரிப் பள்ளங்களிலும்தான். வண்டல் அள்ளிய கண்மாயில் இடுப்பளவு தண்ணீருக்கு அடுத்த அடியே ஆள் மூழ்கும் குழி இருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. ஒருவன் முங்க, காப்பாற்றப் பாய்ந்த இன்னொருவனும் சேர்ந்து போவதுதான் நாம் திரும்பத் திரும்பப் படிக்கும் செய்தி. முங்குபவன் கைக்கு எது கிடைத்தாலும் அதை அழுத்தி மேலே வரப் பார்ப்பான், அது நண்பனின் தலையாக இருந்தாலும். ஆகவே பழக்க வேண்டியது நீச்சல் இல்லை, கரையில் நிற்பது. கத்தி ஆள் கூப்பிட்டு, குப்புறப் படுத்துக் கழியையோ வேட்டியையோ நீட்டி, எட்டாவிட்டால் கயிறு கட்டிய காலி ஐந்து லிட்டர் கேனை வீச வேண்டும். மைதானத்தில் எட்டு மீட்டர் தூரத்தில் ஒரு வட்டம் போட்டு, ஐந்து வீச்சில் மூன்று அதற்குள் விழும்வரை வீசச் சொல்லுங்கள். கேனில் கால் பங்கு தண்ணீர் இருந்தால்தான் காற்றில் திரும்பாமல் போய் விழும். பொங்கலுக்குச் சிராவயல் மஞ்சுவிரட்டு பார்க்கப் போகும் கூட்டத்தையும் இதே முறையில் பழக்கலாம். மாடு பிடிக்கப் போனவர்கள் மட்டுமல்லாமல் பொட்டலில் வேடிக்கை பார்த்து நின்றவர்களும் அங்கே குத்துப்படுவது உண்டு. அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வளவில் தேர்ச்சி பெற்றவர் வெளியிலும் அப்படியே செய்வார் என்று நம்பிவிட வேண்டாம். சொல்லாமல் ஒரு சோதனை வேண்டும். பருவத் தொடக்கத்திலேயே ‘எப்போது, எப்படி என்று சொல்லாமல் ஒத்திகைச் சோதனை நடக்கலாம்’ என்று எழுதி மாணவர்களிடமும் முதல்வரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பயிற்சி முடிந்து ஒரு வாரம் கழித்து, மாலையில் கல்லூரி வளாகத்துக்குள், தெரிந்த சீனியர் ஒருவர் குடித்தவர் போல் வண்டியோடு நின்று “வா, கடைக்குப் போயிட்டு வருவோம்” என்று கூப்பிடட்டும். வண்டி ஓரடியும் நகரக் கூடாது, சாவி உங்கள் பையில். நிஜ மது வாசனைக்குக்கூட வரக் கூடாது. ஏறப் போனவரை அங்கேயே நிறுத்தி, “இது சோதனைதான்” என்று சொல்லி, அந்த இடத்திலேயே மூன்று தடவை சரியாகச் செய்யவையுங்கள். திட்டு, மதிப்பெண், பெயர்ப்பட்டியல் எதுவும் கிடையாது. உண்மையில் அதிகம் பதிவது இந்தத் திருத்தம்தான். முதல் ஆளைச் சோதித்த பத்தாவது நிமிடம் விடுதி வாட்ஸ்அப் குழு முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே ஒரு மாலைக்கு நான்கைந்து பேர், ஒவ்வொரு மாலையும் வேறு ஆள், வேறு சாக்கு. ஒரு மாதம், மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். திருவிழாவுக்கு முந்தைய வாரம் எல்லாருக்கும் ஒரு பத்து நிமிட ஒத்திகை.

கெடுதலில் முடியக்கூடிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ‘பிரச்சினைக்குரிய பையன்கள்’ என்று பத்துப் பேரைப் பொறுக்கித் தனிக்குழுவாக உட்காரவைக்காதீர்கள். வளரிளம் பருவத்தினரிடம் தாமஸ் டிஷனும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1999-இல் காட்டியது இதுதான்: அப்படிப்பட்டவர்களை ஒன்றாகச் சேர்த்து நடத்திய குழுக்களில், ஒருவர் சாகசத்துக்கு மற்றவர் சிரிப்பே பரிசாகி, நடத்தை மோசமானது. ஆறு பேர் குழுவில் அப்படி ஒருவர், அதிகம் போனால் இருவர். தினமும் குடிப்பவருக்கோ கஞ்சா விடாதவருக்கோ இந்தப் பயிற்சி சிகிச்சை ஆகாது. அவரைத் தனியே அழைத்துப் பேசி, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமனாஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மாணவிகள் விடுதிக்கும் கேட்பீர்கள் என்று தெரியும். முறை அதேதான், காட்சியும் வாக்கியமும் அவர்களிடமிருந்து வர வேண்டும். அவர்களுக்கு வரும் வற்புறுத்தல் வேறு மாதிரி. ஆண் ஆசிரியர் எழுதிக் கொடுத்தால் அது பொய்யாக இருக்கும்.

கடைசியாக, அடிபட்ட மாணவரை மேடையேற்றுவது. வேண்டாம். ஏற்கெனவே ஒரு தடவை மேடையில் பேசியவர்தானே. அழுதுகொண்டு பேசினால் கூட்டமும் அழும், பிறகு அவர் பெயர் விடுதியில் பட்டப்பெயராகிவிடும். கட்டுப் பிரித்து, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க ஆரம்பித்த பிறகு, அவராக விரும்பினால், ஒரு மூலையில் வற்புறுத்துபவர் வேடத்தை அவருக்குக் கொடுங்கள். அன்று இரவு அவரிடம் என்னென்ன சொல்லி ஏற்றினார்கள் என்பது வார்த்தைக்கு வார்த்தை அவருக்குத்தான் தெரியும். அதை அவர் சொல்லச் சொல்ல, எதிரில் நிற்கும் முதலாம் ஆண்டுப் பையன் கையை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு “நான் ஏறலைண்ணே” என்று சொல்லிப் பழகட்டும்.